ராம் கூட்டிய பிறகு கணினி நின்று நின்று போகிறதா? விண்டோஸ் போட முதல் இதைப் பாருங்கள்

பழைய டெஸ்க்டாப்புக்குக் கூடுதலாக ஒரு ராம் (கணினியின் தற்காலிக நினைவகப் பலகை) போட்டதும் நீலத்திரை வருகிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் எங்கள் பக்கம் எல்லோரும் முதலில் சொல்வது, "விண்டோஸ் அடிச்சுப் பாப்பம்" என்பதுதான். தயவுசெய்து அடிக்காதீர்கள். ராமில் பிழை இருக்கும்போது விண்டோஸ் போட்டால், ராமில் கெட்டுப்போன தரவு அப்படியே ஹார்ட் டிஸ்கில் எழுதப்படும். உங்கள் படங்களை வேறு இடத்துக்குக் கொப்பி பண்ணினாலும் இதே ஆபத்துத்தான்.

அதனால் முதல் வேலை, புது ராமைக் கழற்றுவது. வயரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், பவர் பொத்தானைப் பத்து வினாடி அமத்திப் பிடியுங்கள், கேசிங்கின் வெறும் இரும்பில் கையை வைத்துவிட்டு உள்ளே தொடுங்கள். பழைய ராமோடு மட்டும் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால் தேவையான கோப்புகளை அப்போதே பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். அப்படியும் நின்றால் பிழை வேறெங்கோ இருக்கிறது. பவர் சப்ளை, சூடு, மதர்போர்ட்டில் உப்பிய கெபாசிற்றர் என்று தேட வேண்டும்.

சரி, பழையதோடு ஓடுகிறது. இப்போது சுத்தம். ஏ9 வீதியோரம், அதுவும் மாங்குளம், கனகராயன்குளம் பக்கம் உள்ள வீடுகளில் கேசிங்கைத் திறந்தால் செம்மண் புழுதி மாவு மாதிரிப் படிந்திருக்கும். ராம் செருகும் ஸ்லாட்டை உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ராமின் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, இரண்டு பக்கக் கிளிப்பும் "டிக்" என்று பூட்டும்வரை நேராக அமத்துங்கள். பாதி இறங்கிய ராம் கூடச் சில நேரம் ஓடும், பிறகு நடுவில் விழும்.

ராமில் தலைமுறைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு மின்னழுத்தம்: டிடிஆர்2 1.8 வோல்ட், டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்4 1.2 வோல்ட். பற்களுக்கு நடுவிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் மாறி ஏறாது, பலவந்தப்படுத்த வேண்டாம்.

ஏறிவிட்டது என்பதற்காக ஒத்துப்போகும் என்றில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி உயர்தரத்துக்கு ஐசிடி படிக்கிறான். அவனுடைய கணினி இன்டெல் ஜி41 சிப்செட் (ராமையும் மற்றப் பாகங்களையும் இணைக்கும் சிப்) கொண்ட பழைய மதர்போர்ட். 4 ஜிபி டிடிஆர்3 ஒன்று வாங்கி வந்து போட்டவன், "அண்ணை, ஒருக்கா ஓடுது, ஒருக்கா பீப் பண்ணுது" என்று வந்து நின்றான். இரண்டு ராமையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிப்பை எண்ணச் சொன்னேன். பழைய 2 ஜிபியில் இரு பக்கமும் எட்டெட்டு, மொத்தம் 16. புது 4 ஜிபியில் ஒரு பக்கம் மட்டும் எட்டு, மறுபக்கம் வெறும் பச்சைப் பலகை. எட்டு ஜிகாபிட் சேர்ந்தால் ஒரு ஜிபி, ஆகவே எட்டே சிப்பில் 4 ஜிபி என்றால் ஒவ்வொரு சிப்பும் 4 ஜிகாபிட். ஜி41க்கு அந்த அடர்த்தி பிடிபடாது, 2 ஜிகாபிட் சிப் பதினாறு உள்ள 4 ஜிபிதான் வேண்டும். ராமில் பழுதே இல்லை, பொருத்தம்தான் இல்லை.

எண்ணிக்கை சரியென்றால், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை வெறும் பென் டிரைவில் எழுதி (அதில் இருப்பதெல்லாம் அழியும்) அதிலிருந்து பூட் செய்யுங்கள். ஒரு ராம், ஒரு ஸ்லாட், ஒரு முழுச் சுற்று, அதன்பின் அடுத்தது. நேரம் எடுக்கும், கரண்ட் போனால் திரும்பவும் முதலிலிருந்துதான், ஆனாலும் அவசரப்படாதீர்கள். ஒரேயொரு பிழை காட்டினாலும் விடக்கூடாது. ராமை எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை வந்தால் ராம் பழுது, ஒரே ஸ்லாட்டில் மட்டும் எல்லா ராமுக்கும் வந்தால் ஸ்லாட் பழுது.

தனித்தனியே சுத்தமாக ஓடி, சேர்த்தால் மட்டும் விழுகிறதா? பயாஸை (கணினி தொடங்கும்போது ஓடும் மதர்போர்ட்டின் அடிப்படை அமைப்பு) டிஃபோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது வயரைக் கழற்றிவிட்டு மதர்போர்ட்டிலுள்ள சிஆர்2032 பற்றரியைச் சில நிமிடம் எடுத்து வையுங்கள். 1333, 1600 என்று ராமின் வேகம் கலந்திருந்தால் பயாஸில் இரண்டையும் 1333க்கே இறக்கிவிடுங்கள்.

எல்லாம் சரிவந்த பிறகு விண்டோஸின் சிஸ்டம் ஃபைல் செக்கரை ஒருமுறை ஓட்டுங்கள், இடையில் கெட்ட கோப்புகளை அது திருத்தும். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை.

கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ ராம் வாங்கப் போகும்போது பழைய ராமையும் மதர்போர்ட் மாதிரி எண்ணின் படத்தையும் கொண்டுபோங்கள். தம்பி அடுத்த நாளே அப்படிப் போய்ப் பதினாறு சிப் உள்ளதாக மாற்றி வாங்கி வந்தான், அன்றிரவு மெம்டெஸ்டில் ஒரு பிழையும் வரவில்லை.