சுவரை மூடும் முன் வெந்நீர்க் குழாயைச் சோதியுங்கள்: புது வீடு கட்டுவோருக்கான செய்முறை

எங்கள் வீட்டு மாடிக் குளியலறைக்குப் பின்புறம் இருக்கும் படுக்கையறைச் சுவரில், குடிபுகுந்த எட்டாவது மாதம், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் காணப்பட்டது. மழைநீர் இறங்குகிறது என்று எண்ணி மொட்டை மாடித் தளத்தை மறுபடி பூசினோம், ஈரம் குறையவில்லை. கடைசியில் டைல்ஸை உடைத்துப் பார்த்தபோது, டைவர்ட்டருக்கு (வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து ஷவருக்குத் திருப்பும், சுவருக்குள் பதிக்கும் வால்வு) வரும் வெந்நீர்க் குழாயில் ஓர் எல்போ (வளைவு இணைப்புத் துண்டு) பசையே இல்லாமல் வெறுமனே செருகப்பட்டிருந்தது. இரண்டு விரலால் பிடித்துத் திருப்பியதும் அது சுழன்றது. குழாயின் முனையில் அளவுக்காகப் போட்ட பென்சில் குறி அழியாமல் அப்படியே இருந்தது. அளவு பார்ப்பதற்காகச் செருகியதைக் கழற்றிப் பசை தடவ பிளம்பர் மறந்திருக்கிறார். நாங்களும் சோதித்துப் பார்க்கச் சொல்லவில்லை.

பசையில்லாத இணைப்பு எட்டு மாதம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் உண்டு. 10 மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். எங்கள் மாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் டைவர்ட்டருக்கும் இடையே 3 மீட்டர்தான், அழுத்தம் 0.3 கிலோ. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் தவறான இணைப்பும் சரியானதைப்போலவே நிற்கும். கசிவும் சொட்டாக விழாமல் செங்கல்லுக்குள் ஊறிக்கொண்டே போகும். ஆகவே வெந்நீர் வசதியைத் திட்டமிடுவதிலிருந்து சுவரை மூடுவது வரையிலான வேலையை, முதன்முறை வீடு கட்டுவோரும் குளியலறையைப் புதுப்பிப்போரும் பின்பற்றும் வகையில் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: காடி (குழாய் பதிக்கச் சுவரில் வெட்டும் பள்ளம்) வெட்டும் முன் தாளில் வரையுங்கள்

கீசர் எங்கே, குழாய் எந்த வழியாக, எத்தனை இடங்களுக்கு வெந்நீர் என்பதைப் பூச்சு வேலைக்கு முன்பே முடிவு செய்யுங்கள். கீசருக்கும் ஷவருக்கும் இடையிலான தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. முக்கால் அங்குல சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ கால் லிட்டர் நீர் நிற்கும். கீசர் 15 மீட்டர் தள்ளியிருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 4 லிட்டர் குளிர்ந்த நீரை வடித்த பிறகுதான் சூடு வரும். மூடிய பின் அதே அளவு வெந்நீர் குழாயிலேயே ஆறிப்போகும். ஒரே கீசரிலிருந்து வீடு முழுவதும் குழாய் இழுப்பதைவிட, தள்ளித் தள்ளி இருக்கும் குளியலறைகளுக்குத் தனித்தனிக் கீசர் வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அளவைப் பொறுத்தவரை, 15 லிட்டர் கொள்ளளவும் 2 கிலோவாட் திறனும் உள்ள கீசர், 25 டிகிரி நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 20 நிமிடம் போல எடுத்துக்கொள்ளும்; வாளியில் கலந்து குளிக்கும் இருவருக்கு அது போதும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் (நீர் ஓடும்போதே சூடாக்கும் வகை) நிமிடத்துக்கு 3 லிட்டர் நீரின் வெப்பத்தை 15 டிகிரி போலத்தான் கூட்ட முடியும் என்பதால், அதைச் சமையலறைத் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சூரிய வெந்நீர்ச் சாதனம் வைப்பவர்கள் இரண்டு விஷயங்களை இப்போதே கவனிக்க வேண்டும். சாதாரண வகையில், குளிர்நீர்த் தொட்டி சூரிய வெந்நீர்த் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். காற்றுப்போக்கிக் குழாயின் (சூரியத் தொட்டியிலிருந்து காற்றும் ஆவியும் வெளியேறும் குழாய்) முனை, குளிர்நீர்த் தொட்டியின் முழு நீர்மட்டத்தைவிட மேலே நிற்க வேண்டும். இரண்டாவது விஷயம் பலரும் தவறவிடுவது. ஷவர் வேகமாக வரவேண்டும் என்பதற்காகக் குளிர்நீர்க் குழாய்க்கு மட்டும் பிரஷர் பம்பு வைத்துவிட்டு, வெந்நீரைத் தொட்டி மட்டத்திலிருந்து இறங்க விட்டால், டைவர்ட்டரில் இரண்டும் சந்திக்கும்போது குளிர்நீர் வெந்நீரைப் பின்னோக்கித் தள்ளும். மாடியில் காற்றுப்போக்கி வழியாக நீர் வழியும், கீழே வெந்நீரே வராது. நான்-ரிட்டர்ன் வால்வு (நீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) பின்னோட்டத்தைத் தடுக்குமே தவிர, வெந்நீருக்கு வேகம் தராது. இரண்டு குழாய்களுக்கும் ஒரே அழுத்தம் கிடைக்கும்படி அமைப்பதுதான் தீர்வு. பம்பு கட்டாயம் வேண்டுமென்றால், அழுத்தம் தாங்கும் வகைச் சாதனத்தையே வாங்குங்கள்.

படி 2: குழாயைத் தேர்ந்தெடுங்கள்

வெள்ளை நிற யு.பி.வி.சி. குழாய் குளிர்நீருக்கானது, வெந்நீர் பட்டால் இளகி வளையும். வெந்நீருக்கு ஐ.எஸ். 15778 என்று அச்சிடப்பட்ட, இளமஞ்சள் நிறச் சி.பி.வி.சி. குழாயை வாங்குங்கள். குழாயில் எஸ்.டி.ஆர். 11, எஸ்.டி.ஆர். 13.5 என இரண்டு வகை உண்டு; எஸ்.டி.ஆர். என்பது குழாயின் வெளிவிட்டத்துக்கும் அதன் சுவர் தடிமனுக்கும் உள்ள விகிதம். எண் குறைந்தால் குழாயின் சுவர் தடிமன் கூடுதல் என்று பொருள். வெந்நீருக்கு 11 எடுங்கள். குழாய், இணைப்புத் துண்டுகள், பசை மூன்றும் ஒரே நிறுவனத்தினுடையவையாக இருக்கட்டும். யு.பி.வி.சி. பசையைச் சி.பி.வி.சி.யில் தடவக் கூடாது. திருகு வரும் இடங்களில் எல்லாம் பித்தளை பொதிந்த துண்டுதான் வேண்டும்.

படி 3: காடி வெட்டுதல்

கிடைமட்டக் காடியின் ஆழம் சுவர்த் தடிமனில் ஆறில் ஒரு பங்கையும், செங்குத்துக் காடியின் ஆழம் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. நாலரை அங்குலச் சுவரில் கிடைமட்டமாக 19 மில்லிமீட்டர்தான் வெட்டலாம் என்றாகிறது. முக்கால் அங்குலக் குழாயின் வெளிவிட்டமே 22 மில்லிமீட்டர், அது அதில் அடங்காது. எனவே கிடைமட்ட ஓட்டத்தைக் கூரைக்கடியில் பால்ஸ் சீலிங்குக்குள் கொண்டுபோய், ஒவ்வோர் இடத்திலும் செங்குத்தாக இறக்குவதே சுவருக்குப் பாதுகாப்பு. தூணையும் பீமையும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்ட விடாதீர்கள்.

எதிரே நின்று பார்க்கும்போது வெந்நீர் இடப்பக்கம், குளிர்நீர் வலப்பக்கம். சுவர் மிக்சருக்கு (வெந்நீரும் குளிர்நீரும் கலந்து வரும், சுவரின்மேல் மாட்டும் குழாய்) இரண்டு முனைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 150 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். பூச்சு, டைல்ஸ், அதன் கலவை மூன்றின் தடிமனையும் கூட்டி, முடிந்த சுவர் எங்கே வரும் என்று நூல் கட்டிக்கொண்ட பிறகே முனைகளின் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். டைவர்ட்டரின் உடலில் இருக்கும் இரு கோடுகளுக்கு நடுவே டைல்ஸின் முகம் வர வேண்டும்.

படி 4: இணைப்பு

குழாயைக் கட்டரால் நேர்க்கோணத்தில் வெட்டி, உள்ளும் வெளியும் பிசிறு நீக்கி, உலர்ந்த துணியால் துடையுங்கள். பசையின்றிச் செருகிப் பார்த்தால் இணைப்புத் துண்டின் குழி ஆழத்தில் பாதியளவு வரை இறங்கி இறுக வேண்டும். தளர்வாக முழுதும் இறங்கினால் அந்தத் துண்டு வேண்டாம். பிறகு குழாயின் வெளிப்புறம் தாராளமாகவும், துண்டின் உட்புறம் மெல்லியதாகவும் பசை தடவி, கால் சுற்று திருப்பியபடி அடிவரை அழுத்தி, 30 விநாடி கையை எடுக்காமல் பிடித்திருங்கள். விளிம்பு முழுக்கப் பசை ஒரு மெல்லிய வளையமாகப் பிதுங்கித் தெரிய வேண்டும். எங்கள் வீட்டு எல்போவில் இல்லாதது அந்த வளையம்தான். மாலையில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் இணைப்பிலும் அது தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். பார்த்ததில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள்.

சூட்டில் சி.பி.வி.சி. நீளும். 10 மீட்டர் குழாய் 40 டிகிரி சூடேறினால் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம், கூடும். நீண்ட நேர் ஓட்டங்களில் ஒரு வளைவு கொடுங்கள். கிளாம்பு குழாயைத் தாங்கட்டும், நெரிக்க வேண்டாம். மாடியில் வெயிலில் செல்லும் குழாய்க்கு வெப்பக்காப்பு உறையும் அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றும் தேவை.

படி 5: அழுத்தச் சோதனை

பிளம்பர்களில் பலர், "டேங்க் தண்ணியை விட்டுப் பாத்தாச்சு சார், ஒரு சொட்டுகூட இல்ல" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை; 0.3 கிலோவில் சொட்டாது. கைப்பம்பும் அழுத்தமானியும் கொண்ட சோதனைக் கருவியை வாடகைக்கு எடுக்கலாம். சில குழாய் நிறுவனங்களின் முகவர்களே கொண்டுவந்து சோதித்துத் தருகிறார்கள். வேலை பேசும்போதே இந்தச் சோதனையையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி இணைப்பு முடிந்து 24 மணி நேரம் காத்திருங்கள். கீசரையும் சூரியத் தொட்டியையும் இணைக்காதீர்கள். கீசர்களில் பல 8 பார் (ஏறத்தாழ 8 கிலோ) வரையே தாங்கும், சாதாரணச் சூரியத் தொட்டி அழுத்தமே தாங்காது. எல்லா முனைகளையும் திருகு பிளக்கால் அடைத்து, ஓரிடத்தில் மட்டும் வெந்நீர், குளிர்நீர் முனைகளை வளையும் குழாயால் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் இரண்டும் ஒரே முறையில் சோதனைக்கு உட்படும். அடியிலிருந்து மெதுவாக நீர் ஏற்றி, உச்சியில் உள்ள பிளக்கைத் தளர்த்திக் காற்று முழுவதும் வெளியேறிய பின் இறுக்குங்கள். காற்றடைத்துச் சோதிப்பது ஆபத்து. பிளாஸ்டிக் உடைந்தால் துண்டுகள் சிதறி ஆளைத் தாக்கும்.

முதலில் 5 கிலோ வரை ஏற்றிப் பத்து நிமிடம் எல்லா இணைப்புகளையும் பாருங்கள். பின்னர் 10 கிலோவுக்கு ஏற்றுங்கள். குழாய் சற்று விரிவதாலும் மிச்சக் காற்று அமுங்குவதாலும் முள் தொடக்கத்தில் கொஞ்சம் இறங்கும். மறுபடி ஏற்றி, அதன்பின் ஒரு மணி நேரம் முள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். வெயிலில் முள் தானாகவே நகரும் என்பதால் காலை வேளையைத் தேர்ந்தெடுங்கள். இறங்கிக்கொண்டே இருந்தால் கருவியின் சொந்த இணைப்பை முதலில் சந்தேகியுங்கள். அது சரியென்றால், ஒவ்வோர் இணைப்பையும் உலரத் துடைத்துச் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். கசியும் இடத்தில் வெள்ளைத் தூள் கருத்துக் காட்டிக்கொடுக்கும். கசியும் இணைப்பின்மேல் பசை பூசி மூட ஒப்புக்கொள்ளாதீர்கள். வெட்டி எடுத்துப் புதுத் துண்டு போட்டு, மீண்டும் 24 மணி நேரம் கழித்து முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

படி 6: மூடுதல்

பூச்சும் டைல்ஸும் நடக்கும் நாள்களில் குழாயில் 2 அல்லது 3 கிலோ அழுத்தத்தை விட்டுவைத்து, மானியைக் கழற்றாமல் இருங்கள். யாராவது ஆணியோ டிரில்லோ தவறுதலாக இறக்கினால் முள் அன்றைக்கே சொல்லிவிடும். மூடும் முன் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவை விரித்துவைத்து நேராகப் படமெடுங்கள். பிற்பாடு கண்ணாடி மாட்டவும் அலமாரி பதிக்கவும் அந்தப் படமே துணை.

படி 7: கீசரை இணைத்தல்

நீர் நிரம்பிய 15 லிட்டர் கீசர் 25 கிலோ அளவில் எடை வரும். உறுதியான சுவரில் பெரிய ஆங்கர் போல்ட் போடுங்கள். குளிர்நீர் நுழையும் பக்கத்தில், கீசருடன் வரும் அழுத்தத் தணிப்பு வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். சூடேறும்போது அதிலிருந்து சில சொட்டுகள் விழுவது இயல்பு. சொட்டுகிறது என்று அதை அடைத்துவிட்டால், விரியும் நீருக்குப் போக்கிடம் இருக்காது. அதன் வாயில் ஒரு சிறு குழாய் மாட்டித் தரை வடிகாலுக்கு இறக்குங்கள். மின்சாரத்துக்குத் தனிக் கம்பி, 16 ஆம்பியர் சாக்கெட், முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) நான்கும் வேண்டும், அந்த வேலை எலக்ட்ரீஷியனுடையது.

சுவிட்சைப் போடும் முன் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, காற்று சீறி அடங்கி நீர் தாரையாக விழும்வரை காத்திருங்கள். காலிக் கீசரில் மின்சாரம் பாய்ந்தால் ஹீட்டர் கம்பி கருகிவிடும். நீர் சீராக வந்தபின் சுவிட்சைப் போட்டு, கீசருக்குக் கீழே தரையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவைத்து, மறுநாள் காலையில் அதைத் தொட்டுப் பாருங்கள். தணிப்பு வால்வுக்குத்தான் தனிக் குழாய் போட்டாயிற்றே. ஆகவே தாள் ஈரமாக இருந்தால் கீசரின் திருகு இணைப்புகளில் ஒன்று கசிகிறது. மின்சாரத்தை நிறுத்தி, அந்த இணைப்பைக் கழற்றி, டெஃப்லான் டேப்பைத் திருகின் திசையிலேயே சுற்றி மறுபடி இறுக்குங்கள்.