லெகோ கட்டைகளுக்கு ஒரு கணக்கு: பைத்தானில் சின்னக் கருவி

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் லெகோ கட்டைகள் மொத்தமாக ஒரு பையில் கிடைத்தால் யாருக்குத்தான் விட மனசு வரும்? வீட்டில் கட்டைகள் போட்டு வைக்கும் மைலோ டின்கள் பெருகிய பிறகு, எது எங்கே என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். இதற்குச் செயலி எதுவும் வேண்டாம். பைத்தான் 3 நிரல்மொழி, முப்பது வரி நிரல், அவ்வளவுதான்.

முதலில் எண். கட்டையைக் கவிழ்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உட்புறத்தில் பொடியாக ஓர் எண் இருக்கும். இரண்டுக்கு நான்கு கட்டை 3001, இரண்டுக்கு இரண்டு 3003, ஒன்றுக்கு இரண்டு 3004. குமிழ்களின் மேல் லெகோ என்ற பெயரே இல்லையா? அது வேறு நிறுவனத்துக் கட்டை, தனியே வையுங்கள்.

நிறத்துக்கு எண் போடாதீர்கள். சாதாரண சிவப்பு லெகோவின் கணக்கில் 21, லெகோ விற்கும் இணையச் சந்தையான பிரிக்லிங்கில் 5, கட்டைகளைப் பட்டியலிடும் தளமான ரீபிரிக்கபிளில் 4. பெயரையே எழுதுங்கள். ஆனால் ஒருநாள் ‘சிவப்பு’, மறுநாள் ‘சிகப்பு’ என்று தட்டினால் கருவி இரண்டு நிறமாகவே எண்ணும். அதனால் நிரலின் தலையில் நிறப் பட்டியல் ஒன்று வைத்து, அதில் இல்லாததை ஏற்க மறுக்கச் செய்யுங்கள்.

கட்டளைகள் மூன்று போதும். டெர்மினலில் பைத்தான், ஃபைல் பெயர், அதன் பிறகு:

சேர் 3001 சிவப்பு 12 மைலோ1
எடு 3001 சிவப்பு 4 மைலோ1
காட்டு 3001

இந்தச் சொற்கள் பைத்தானின் சிஸ் (sys) மாட்யூலில் உள்ள ‘ஆர்க்வி’ (argv) பட்டியலில் வந்து நிற்கும். 0-ஆம் இடத்தில் ஃபைல் பெயர், 1-இல் கட்டளை, மற்றவை அடுத்தடுத்து.

‘சேர்’ என்றால் சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வரிகள் உள்ள ஃபைல்) ‘ஏ’ (a) மோடில் திறந்து கடைசியில் ஒரு வரி எழுத வேண்டும். ‘எடு’வும் அதேதான், எண்ணிக்கை மட்டும் மைனஸில். கடைக்காரர் கணக்கு நோட்டு மாதிரி பழைய வரியில் கை வைப்பதே இல்லை. தவறாகத் தட்டினாலும் எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங்கை ‘யூடிஎஃப்-8-சிக்’ (utf-8-sig) என்று கொடுங்கள், இல்லாவிட்டால் எக்செலில் தமிழ் சிதறித் தெரியும். விண்டோஸில் ‘நியூலைன்’ (newline) மதிப்பாக வெற்று மேற்கோள் குறிகளைக் ('') கொடுக்காவிட்டால் வரிக்கு வரி வெற்று வரி விழும்.

‘காட்டு’க்கு எல்லா வரிகளையும் படித்து, எண், நிறம், டின் மூன்றையும் சாவியாக வைத்த டிக்‌ஷனரியில் கூட்டிக்கொண்டே போனால் இருப்பு வந்துவிடும். எண்ணிக்கையை மட்டும் ‘இன்ட்’ ஆக மாற்றுங்கள். கட்டை எண்ணைத் தொடாதீர்கள், 3068பி போல எழுத்தோடு வருவதும் உண்டு.

இது ஓடத் தொடங்கியதும், ரீபிரிக்கபிள் இலவசமாகத் தரும் உதிரிபாகப் பட்டியலை இறக்கி இணைத்தால், எண்ணுக்குப் பக்கத்தில் கட்டையின் பெயரும் வரும்.