ராத்திரி ரயில் சத்தத்துக்கு வரைபடம் போடலாம், கட்டிலில் இருந்து ஆரம்பியுங்கள்

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவில் இருக்கும் கொடை ரோட்டில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் அப்பத்தா வீடு. பாண்டியன், பொதிகை, முத்துநகர், கன்னியாகுமரி என்று தெற்கத்தி ராத்திரி வண்டிகள் பலவற்றுக்கும் அதுதான் வழி, போதாததற்கு எந்த அட்டவணையிலும் இல்லாத சரக்கு வண்டிகள் வேறு. "பழகிருச்சுப்பா" என்பார் அப்பத்தா. ஆனால் மூன்றரை மணி ஹாரனுக்கு எழுந்து உட்கார்ந்தால் விடியும்வரை அவர் படுப்பதில்லை. பழகியது காதுதான், தூக்கம் இல்லை.

ராத்திரி என்றால் எத்தனை மணியிலிருந்து என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம் நாட்டின் ஒலி மாசு விதிகளில் (2000) இரவு 10 முதல் காலை 6 வரை, குடியிருப்புப் பகுதிக்குச் சராசரி வரம்பு 45 டெசிபல். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பாவுக்குச் சொன்ன ரயில் சத்த அளவு இரவுக்கு 44, அங்கே இரவு பொதுவாக 11 முதல் 7 வரை. எந்த எட்டு மணி நேரம் என்று வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

கருவிக்கு ஆண்ட்ராய்டு போனில் நாய்ஸ்கேப்சர் செயலி போதும், நொடிக்கு ஒரு அளவை இடத்தோடு சேர்த்துப் பதியும். போன் மைக் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, அதனால் ஒரு நாளைக்காவது நல்ல ஒலி அளவியை இரவல் வாங்கிப் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைச் சரி செய்துகொள்ளுங்கள். மைக் மேல் ஸ்பாஞ்ச் சுற்றுங்கள். சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் எதிரொலியில் சுமார் 3 டெசிபல் கூடும். தண்டவாளத்து ஓரம் போய் நிற்கவே வேண்டாம், மனிதர் தூங்குகிற இடத்துச் சத்தம்தான் நமக்கு வேண்டும்.

செயலியை விட முக்கியம் ஒரு நோட்டு. என் நோட்டில் ஒரு வரி இப்படி: "3.32, சரக்கு, ஹாரன் இரண்டு தடவை, நாய் குரைப்பு, அப்பத்தா எழுந்தார்." இது இல்லாவிட்டால் காலையில் எது ரயில், எது நாய், எது பைபாஸ் லாரி என்று பிரிக்கவே முடியாது. ஒரு ராத்திரி போதாது, சரக்கு வண்டி நாளுக்கு நாள் மாறும். ஒரு வாரமாவது எடுங்கள்.

அப்புறம் கணக்கு. டெசிபலைச் சாதாரண எண்களைப் போலக் கூட்டி வகுத்துவிடாதீர்கள், அது மடக்கை அளவு, ஆற்றலாக மாற்றித்தான் சராசரி எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு வண்டி 30 நொடி 85 டெசிபலில் கடந்துபோய், மீதி ராத்திரி முழுக்க அமைதி என்று வையுங்கள். எட்டு மணி நேரச் சராசரி ஏறக்குறைய 55 வரும். அதாவது ஒரே வண்டியில் 45-ஐத் தாண்டியாச்சு. வண்டி இரண்டானால் 58, நான்கானால் 61, இரட்டிக்க இரட்டிக்க மூன்று மூன்றாக ஏறும்.

ஆனால் சராசரியை மட்டும் நம்பாதீர்கள். பத்தரை மணிக்குப் போனாலும் மூன்றரைக்குப் போனாலும் அதற்கு ஒன்றுதான், தூங்குகிறவருக்கு அப்படியா? 60-ஐத் தாண்டியது எத்தனை முறை, எந்தெந்த மணிக்கு என்று இரண்டாவது வரைபடம் ஒன்று கட்டாயம் போடுங்கள். நான் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான்.

இடங்களைத் தண்டவாளத்திலிருந்து 25, 50, 100, 200 மீட்டர் என்று விலக்கிக்கொண்டே போங்கள். நீளமான வண்டியின் சத்தம் தூரம் இரட்டிக்கும்போது சுமார் 3 டெசிபல் குறையும், ஹாரன் ஒரே புள்ளியிலிருந்து வருவதால் 6 குறையும், இது தடுப்பில்லாத வெளிக்கான கணக்கு. முன்வரிசை வீடுகள் மறைத்தால் பின்னால் இன்னும் குறையும். காற்றில்லாத குளிர்ந்த ராத்திரியில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேல்காற்று வெதுவெதுப்பாக நிற்கும், அப்போது சத்தம் கீழ்நோக்கி வளைந்து ரொம்ப தூரம் கேட்கும். அதனால் மார்கழியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை என்று அளந்து பாருங்கள்.

எண்களை க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஏற்றி 5 டெசிபலுக்கு ஒரு நிறம் கொடுத்தால் படம் தயார். ஆனால் அது சத்தத்தின் படம்தான். யார் கேட்கிறார்கள் என்பதற்கு வீடு வீடாகத் தலை எண்ண வேண்டும். ஐரோப்பிய வரைபடங்களில் 4 மீட்டர் உயரத்தில் வீட்டு வெளிச்சுவரில் படும் அளவைத்தான் எடுக்கிறார்கள். நம் ஊரில் சித்திரை வந்தால் பாதித் தெரு மொட்டை மாடியில், வயசானவர்கள் திண்ணையில். அவர்களுக்கும் ரயிலுக்கும் நடுவில் சுவரே கிடையாது. அந்த வீடுகளுக்குத் தனிக் குறி போட்டு, மாடியிலேயே பாய்ப் பக்கத்தில் போனை வைத்து ஒரு ராத்திரி அளந்துவிடுங்கள்.