குடும்பத்துக்கு எஸ்யூவி எடுக்கறவங்க பண்ற தப்புகள், எடுக்கும்போதும் எடுத்த பிறகும்

கிரெட்டா, செல்டோஸ், எலிவேட், கிராண்ட் விட்டாரா இந்த சைஸ்ல வண்டி வச்சிருக்கறவங்க ரெண்டு பேர்கிட்ட கேட்டுப் பாருங்க, ஒருத்தர் "ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிடுச்சு, ஆயில், டயர், பேட்டரி தவிர கை வச்சதே இல்ல"ன்னு சொல்வார், இன்னொருத்தர் அதே மாடல் அதே வருஷம் வச்சுக்கிட்டு "ஏன்டா எடுத்தோம்னு இருக்கு"ன்னு சொல்வார். நம்ம குடும்பத்துக்கு எது பொருந்தும்னு பாக்காம எடுக்கறதும், நல்ல வண்டிதானே ஒண்ணும் ஆகாதுன்னு கண்டுக்காம விடறதும்தான் பெரும்பாலும் இதுக்குக் காரணம்.

முதல்ல டீசல். மைலேஜ் கிடைக்கும், இழுவை நல்லா இருக்கும்னு கண்ண மூடிட்டு டீசல் எடுக்கறாங்க. எங்க மச்சான் அப்படித்தான் எடுத்தார். தினமும் ஸ்கூல்ல பசங்கள விட்டுட்டு ஆபீஸ், போக வர எல்லாம் சேத்து பன்னெண்டு கிலோமீட்டர்கூட வராது, அதுவும் முழுக்க சிக்னல். எட்டாவது மாசம் டேஷ்போர்டுல ஒரு மஞ்சள் லைட் எரிஞ்சிருக்கு, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்னு விட்டுட்டார். ரெண்டு வாரத்துல வண்டி நாப்பதுக்கு மேல போகவே மாட்டேன்னு அடம்புடிச்சு, கடைசில டோ பண்ணித்தான் கொண்டு போனாங்க.

விஷயம் என்னன்னா, 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புகை விதி வந்ததிலிருந்து டீசல் கார்கள்ல டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு. புகையில வர்ற கரிய அது புடிச்சு வச்சுக்கும். அந்தக் கரி எரிஞ்சு சாம்பலாகணும்னா சைலன்சர் பக்கம் சூடு கிட்டத்தட்ட 600 டிகிரி வரைக்கும் ஏறணும், ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தற வண்டியில அந்த சூடு வரவே வராது, கரி சேந்து ஃபில்டர் அடைச்சுக்கும். அதனால தினசரி ஓட்டம் கம்மின்னா பெட்ரோல் எடுங்க, இல்ல பெட்ரோல் இன்ஜினோட பேட்டரி மோட்டாரும் சேந்து ஓடற ஹைப்ரிட் பாருங்க. ஏற்கனவே டீசல் எடுத்தாச்சுன்னா வாரத்துக்கு ஒரு தடவ ஓஎம்ஆர், ஜிஎஸ்டி ரோடு மாதிரி எங்கயாவது அறுபதுக்கு மேல ஒரே சீரா 20, 25 நிமிஷம் ஓட்டிட்டு வாங்க. ஃபில்டர் அடைக்குதுன்னு சொல்ற அந்த மஞ்சள் லைட் எரிஞ்சா அன்னைக்கே இப்படி ஓட்டுங்க, தள்ளிப் போடாதீங்க.

அடுத்து டெஸ்ட் டிரைவ். ஷோரூம் ஆளு பக்கத்துல உக்கார, நீங்க மட்டும் ஸ்டியரிங்க புடிச்சு ரெண்டு ரவுண்டு போறது பத்தாதுங்க. வீட்ல அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தா அவங்களக் கூட்டிட்டுப் போய் ஏறி இறங்கச் சொல்லுங்க. எங்க அம்மா ஒரு வண்டியில ஏறும்போது ஒரு கை கதவையும் இன்னொரு கை சீட்டையும் புடிச்சு, ஒரு மூச்சு விட்டுத்தான் ஏறினாங்க, எனக்கு அந்த ஒரு நொடி போதும், அந்த வண்டி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். பின் சீட்ல நீங்களும் ஒரு அரைமணி உக்காருங்க, மோசமான ரோட்டுல ஓட்டச் சொல்லுங்க, மூணு பேர் உக்காந்தா நடுவுல இருக்கறவங்க கால் எங்க போகுதுன்னு பாருங்க. ஊருக்குப் போகும்போது எடுத்துட்டுப் போற அதே பெட்டிகளக் கொண்டு போய் டிக்கில வச்சும் பாத்துடுங்க, ஏன்னா கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ரெண்டுலயும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் எடுத்தா பேட்டரி பின்னாடி இருக்கறதால சாதா பெட்ரோல விட டிக்கி நல்லாவே கம்மி.

சன்ரூஃப் ஆசை எல்லார் வீட்லயும் இருக்கு, பசங்க கேப்பாங்க, தப்பில்ல. ஆனா அதோட மூலையில தண்ணி இறங்கறதுக்கு சின்ன டியூப் இருக்குங்கறதே நிறைய பேருக்குத் தெரியாது. எங்க தெருவுல புங்க மரம், சித்திரை வைகாசியில பூவு கொட்டுகொட்டுன்னு கொட்டும், போன வருஷம் அது அந்த ஓட்டையில போய் அடைச்சு, ஐப்பசி மழையில கூரைத் துணி ஓரமா நனைஞ்சு டீக்கறை மாதிரி பழுப்பா படிஞ்சிடுச்சு. மழைக்கு முன்னாடி சன்ரூஃபத் திறந்து ஓரத்தத் தொடச்சுட்டு, முன்னாடி ரெண்டு மூலையிலயும் அரை டம்ளர் தண்ணி மெதுவா ஊத்துங்க. வண்டிக்கு அடியில ஒழுகினா சரி, தேங்கி நின்னா சர்வீஸ்ல சொல்லுங்க. கம்ப்ரெசர் காத்து வச்சு அடிச்சா டியூப் உள்ளயே கழண்டுக்கும், அது மட்டும் வேண்டாம்.

வண்டி தூக்கிப் போடுது, சஸ்பென்ஷன் சரியில்லன்னு புலம்பறவங்க முதல்ல டயர் காத்தப் பாருங்க. பங்க்ல "எஸ்யூவிக்கு எல்லாம் நாப்பதுதான் சார்"னு அடிச்சு விட்ருவாங்க, நாமளும் தலையாட்டிட்டு வந்துடறோம். டிரைவர் கதவத் திறந்தா ஓரத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல உங்க வண்டிக்கு எவ்ளோன்னு போட்டிருக்கும், பெரும்பாலும் 33ல இருந்து 35 பிஎஸ்ஐ. காலையில டயர் சூடாகறதுக்கு முன்னாடி பாக்கணும். அழகுக்குன்னு பெரிய அலாய் மாட்டினாலும் இதே கதிதான், டயரோட பக்கச் சுவர் சின்னதாகி ஒவ்வொரு பள்ளமும் இடுப்புல தெரியும்.

சீட் கவர் போடும்போது சைடு ஏர்பேக் இருக்கற சீட்ட முழுசா மூடித் தச்சுடாதீங்க, முன்னாடி இரும்பு கம்பி பம்பரும் வேண்டவே வேண்டாம், அது ஏர்பேக் சென்சாருக்கும் இடைஞ்சல், ரோட்ல நடந்து போறவங்களுக்கும் ஆபத்து. சர்வீஸும் கிலோமீட்டர் ஆகலையேன்னு ரெண்டு வருஷம் இழுக்காதீங்க, 10,000 கிலோமீட்டர் இல்லன்னா ஒரு வருஷம்னு போட்டிருந்தா எது முதல்ல வருதோ அதான் கணக்கு, நின்ன வண்டியிலயும் ஆயில் கெடும்.

மலையில ஆட்டோமேட்டிக் ஓட்டறவங்களுக்கு ஒண்ணு. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது கியர டி-யிலயே (டிரைவ்) விட்டுட்டு பிரேக்லயே கால் வச்சுக்கிட்டு வந்தா பாதியில கருகின வாடை வரும், அப்புறம் பிரேக் புடிக்காது. மேனுவல் மோடுக்கோ எல்-லுக்கோ (லோ கியர்) மாத்தி இன்ஜினே வண்டியப் புடிக்கிற மாதிரி இறங்குங்க, நியூட்ரல் போடவே போடாதீங்க.

கடைசியா வெள்ளம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப சென்னையில எத்தனை வண்டி முங்கி நின்னுச்சுன்னு பாத்தோம். தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் ஆகுதான்னு பட்டன அமுக்கிப் பாத்தவங்களுக்குத்தான் பெரிய நஷ்டம், இன்ஜினுக்குள்ள தண்ணி இருக்கும்போது பிஸ்டன் மேல வந்தா தண்ணிய அமுக்க முடியாது, பிஸ்டனோட சேந்திருக்கற கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். சாதா இன்சூரன்ஸ்ல இதுக்குப் பணம் கிடைக்கறது கஷ்டம், இன்ஜின் ப்ரொடெக்ட்னு ஒரு கூடுதல் கவர் தனியா சேத்திருக்கணும், ரினியூவல் மழைக்கு முன்னாடி வந்தா மறக்காம சேருங்க. ராத்திரியில வண்டி முங்கிடுச்சுன்னா காலையில சாவியத் தொடாம, தண்ணி எது வரைக்கும் ஏறியிருக்குன்னு நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுட்டு, தண்ணி நல்லா வடிஞ்ச பிறகு பேட்டரி நெகட்டிவக் கழட்டிட்டு டோ வண்டிக்கு போன் பண்ணுங்க.