இறையியல் முதுநிலைக்கு விண்ணப்பிக்கும் முன்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: உங்களுக்கு வேண்டியது பல்கலைக்கழக எம்.ஏ.வா, திருப்பீடம் (வத்திக்கான்) அங்கீகரிக்கும் திருச்சபைப் பட்டமான லைசென்சியேட்டா? நான் இது தெரியாமல்தான் இறங்கினேன். கையில் வரலாற்றுப் பட்டம் இருந்தது; அது போதும் என்று நினைப்பு.

லைசென்சியேட் என்பது திருச்சபை இறையியல் படிப்பின் இரண்டாம் கட்டம், 2 ஆண்டு. அதற்கு முன் கத்தோலிக்க இறையியல் இளநிலை முடித்திருக்க வேண்டும். மெய்யியலையும் சேர்த்தால் அது 5 ஆண்டு; மெய்யியலை 2 ஆண்டு முன்பே தனியாகப் படித்து முடித்தவருக்கு 3. திருத்தந்தை பிரான்சிஸ் 2017-இல் கையொப்பமிட்ட ‘வெரித்தாத்திஸ் கௌதியும்’ என்ற, திருச்சபைப் பல்கலைக்கழகங்களுக்கான ஆவணத்தை ஒட்டிய கணக்கு இது. சரி, மதிப்பெண் பட்டியலை எடுத்து மெய்யியல் தாள்களை எண்ணிப் பாருங்கள். என்னிடம் ஒன்றே ஒன்று, அதுவும் தர்க்கம்.

அப்புறம் நன்னடத்தைச் சான்று. குருக்களும் குருமாணவர்களும் ஆயரிடமோ துறவற சபைத் தலைவரிடமோ வாங்குவார்கள். என்னைப் போன்ற, குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருக்குப் பங்குத்தந்தையின் கடிதமே போதும். ஆனால் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். எனக்குக் கிடைத்த முதல் கடிதத்தில் தேதியும் இல்லை, முத்திரையும் இல்லை. அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

லத்தீனைத் தள்ளிப்போடவே கூடாது. பல் துலக்கும்போதுகூட நான் முணுமுணுத்தேன்: அமோ, அமாஸ், அமாத் (நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான்).