வேலூர் பக்கத்தில் இ.ஏ. வேலை: உள்ளே நுழைவதும் மேலே போவதும்

எம்.டி. (நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர்) ஆபீசுக்குள் கால் வைக்கும் முன்பே அவருடைய நாளை ஒழுங்குபடுத்தி வைத்திருப்பவர்தான் எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட், சுருக்கமாக இ.ஏ. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டின் தோல், காலணி ஏற்றுமதி நிறுவனங்கள், வேலூர் நகரத்து மருத்துவமனைகள், கல்லூரிகள் ஆகியவைதான் நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். விளம்பரத்தில் பி.ஏ. (பர்சனல் அசிஸ்டென்ட்), செக்ரட்டரி, எம்.டி. ஆபீஸ் அசிஸ்டென்ட் என்று எந்தப் பெயரும் இருக்கலாம். எல்லாப் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

முதல் படி: டைப்ரைட்டிங்

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. ஆங்கிலம் ஹையர் முடித்துவிடுங்கள், தமிழில் லோயராவது இருக்கட்டும். அரசுத் துறை ஸ்டெனோ வேலைக்கும் போட்டி போடுவதாக இருந்தால் மட்டும் ஷார்ட்ஹேண்டுக்கு நேரம் கொடுங்கள்.

இரண்டாம் படி: காலண்டர்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. புதியவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான்.

ஜெர்மனி பையருடன் (சரக்கு வாங்குபவர்) வெள்ளிக்கிழமைதோறும் அவருடைய நேரப்படி காலை 10 மணிக்கு ஒரு ஃபோன் கால் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், ஆக நமக்கு மதியம் 2:30. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். வித்தியாசம் மூன்றரை மணியாகச் சுருங்கும், அதே கால் நமக்கு 1:30க்கு வந்துவிடும். நீங்கள் 2:30 என்று எழுதிவைத்துச் சும்மா இருந்தால் பையர் ஒரு மணி நேரம் காத்திருப்பார். முதலாளி ஜும்மா தொழுகைக்குப் போகிறவராக இருந்தால் 1:30 என்பதும் உதவாது, அந்த நேரத்தில் அவர் பள்ளிவாசலில் இருப்பார். ஆகவே கால் போடும்போதே காலண்டரில் டைம் ஸோனை பெர்லின் என்று வையுங்கள். மார்ச் நடுவிலேயே பையருக்கு மெயில் எழுதி நேரத்தை மாற்றிக் கேளுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் பழையபடி திரும்பும்போதும் இதே வேலை இருக்கிறது.

பயணத்தில் தேதிக் குழப்பம் வரும். 15ஆம் தேதி அதிகாலை 1:30க்கு சென்னையிலிருந்து விமானம் என்றால், வேலூரிலிருந்து 14ஆம் தேதி மாலை ஏழு மணிக்குள் கார் கிளம்பியாக வேண்டும்: சாலைக்கு மூன்றரை மணி, விமான நிலையத்தில் மூன்று மணி. டிக்கெட்டில் 15 என்று இருப்பதை நம்பி 14 இரவு ஒரு விருந்துக்கு ஒப்புக்கொண்டால் அன்றோடு பயணம் கெட்டது. 14 மாலையையும் காலண்டரில் அடைத்துவிடுங்கள்.

இத்தாலி, ஜெர்மனி கண்காட்சிகளுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) வேண்டும். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் கொடுக்கப்பட்டதாகவும், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கண்காட்சித் தேதி தெரிந்த அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு)

யார் என்ன பேசினார் என்று பக்கம் பக்கமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று மூன்று கட்டம் போதும். கூட்டம் முடிந்த அன்றே அனுப்புங்கள். மறுநாள் ஆகிவிட்டால் ஆளுக்கொரு நினைவு.

நான்காம் படி: வேலை தேடுவது

அனுபவம் இல்லாதவர்கள் மூன்று மாதிரிகள் தயார் செய்து ஒரு ஃபைலில் வையுங்கள்: கற்பனையான ஒரு எம்.டி.யின் ஒரு வாரக் காலண்டர், இத்தாலியின் மிலான் போய்வர ஒரு பயணத் திட்டம், ஒரு பக்க மினிட்ஸ். 'கடின உழைப்பாளி' என்று ரெஸ்யூமில் எழுதுவதைவிட இந்த ஃபைல் அதிகம் பேசும். நேரடியாக இ.ஏ.வாக எடுக்காவிட்டால் ரிசப்ஷனிலோ, ஏற்றுமதிப் பேப்பர்களைத் தயாரிக்கும் டாக்குமென்டேஷன் பிரிவிலோ சேருங்கள். ஷிப்மென்ட் பேப்பர் தெரிந்தவர் எம்.டி. அறைக்குப் போவது சுலபம். நேர்முகத் தேர்வில் பழைய முதலாளியின் குடும்பம், கணக்கு பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். அங்கே பேசுகிறவர் நாளை இங்கேயும் பேசுவார் என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். வேலை தர டெபாசிட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: மேலே போவது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பொறுப்பை முதலாளி கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் பயணம், பிறகு மெயில் பிரித்தல், அதன்பின் எல்.சி. (சரக்குக்குப் பணம் தருவதாக பையரின் பேங்க் கொடுக்கும் உறுதிக் கடிதம்) தேதிகளைக் கண்காணிப்பது. கடைசி ஷிப்மென்ட் தேதி தாண்டினால் பேங்க் பேப்பரைத் திருப்பிவிடலாம், பணம் நின்றுவிடும். தேதிக்குப் பத்து நாள் முன்பே ஞாபகப்படுத்துகிறவரைத்தான் ஆபீஸ் மேனேஜராகவோ ஏற்றுமதிப் பிரிவுக்கோ உயர்த்த மனம் வரும்.

நல்ல இ.ஏ. பலர் அதே நாற்காலியில் வருடக்கணக்கில் தங்கிவிடுவதற்கு ஒரு காரணம், அவர் போனால் வேலை நின்றுவிடும் என்ற முதலாளியின் பயம். அதனால் முதல் மாதத்திலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எந்த பையருக்கு எந்த நேரம் தோது, பாஸ்போர்ட், விசா முடியும் தேதிகள், டிரைவர், டிராவல்ஸ் எண்கள், எந்த ஃபைல் எந்த அலமாரியில். பாஸ்வேர்டுகளை மட்டும் அதில் எழுதாதீர்கள். பதவி உயர்வு கேட்கப் போகும்போது அந்த நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.