அமிலமா, காரமா? செம்பருத்தி சொல்லிவிடும்
வேட்டியில் சிந்திய சாம்பாரின் மஞ்சள் கறை சோப்பு பட்டவுடன் சிவந்துவிடுவதற்குச் சோப்பின் காரத்தன்மையே காரணம். ஆனால் மஞ்சள் அமிலத்தைக் காட்டாது என்பதால், நம் திருநெல்வேலி வீட்டு முற்றங்களில் பூக்கும் சிவப்புச் செம்பருத்தியே அமிலம், காரம் இரண்டையும் கண்டறிய மேலானது. ஐந்தாறு இதழ்களை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டி, அச்சாற்றைச் சிறு கிண்ணங்களில் பிரித்துக்கொள்ளுங்கள். சொதியில் இறுதியாகப் பிழிகிறோமே, அந்த எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் அமிலம் என்பதால் அதை அடர்ந்த இளஞ்சிவப்பாக்கும். சமையல் சோடாக் கரைசலும் வெற்றிலைச் சுண்ணாம்பின் தெளிநீரும் காரம் என்பதால் பச்சையாக்கும். மிளகாயின் காரம் வேறு, இந்தக் காரம் வேறு. அமில, காரத்தன்மையை எண்ணால் காட்டுவது பி.எச். அளவு: எலுமிச்சைச் சாற்றுக்கு ஏறத்தாழ 2, நடுநிலை 7, சுண்ணாம்புத் தெளிநீர் 12க்கும் மேல். ஓர் எண் கூடினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறையும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே தீங்கு நேரும் ஆகையால், அதைச் சிறுவர் கையில் தனியே கொடுத்துவிடாதீர்கள்.